மொட்டைப் பந்து வித்தகர் கனகலிங்கம்

இணுவில் கிழக்கு லோன் ரெனிஸ் கழகத்தின் பெயரில் ‘லோன்’ என்ற புல்தரை இருந்தாலும் அங்கே புல் கிடையாது. செம்மண்ணையும் புற்றுமண்ணையும் குழைத்து, சாணி மெழுகி, உருளையால் அழுத்திய ஒரே ஒரு ஆடுகளம். சுற்றிவரக் கிடுகு வேலி. மூலையில் ஓடு போட்ட சிறு மண்டபம். மண்டபச் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒற்றையர் போட்டியில் ஆண்டுதோறும் வென்றவரின் பெயர் அதில் பொன்னிற எழுத்தில் இருக்கும். திருவாளர் கனகலிங்கம் அவர்களின் வரலாறு அந்தப் பலகையில் இல்லாத ஒரு பெயரின் வரலாறு.

அவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதர். கழகத்தின் கௌரவ செயலாளர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தபடியால் பலகையில் பெயர் எழுதும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 1983ஆம் ஆண்டு கழகத்தில் சேர்ந்து, முதல் சுற்றில் தோற்று, ஏணி வைத்து ஏறி வென்றவரின் பெயரை எழுதினார். அடுத்த ஆண்டும் அப்படியே. ஊரடங்கு வந்தது, இந்தியன் ஆமி வந்தது, போனது, கனகலிங்கம் முதல் சுற்றில் தோற்பது மட்டும் ஒரு வருடமாவது பிசகவில்லை. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் நம்பியிருக்கக் கூடியதாக இருந்தவை மிகச் சில. அதில் இதுவும் ஒன்று.

அவர் அதிகம் எழுதிய பெயர் கனிசியஸ். கனிசியஸ் நில அளவையாளர், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர், இணுவிலில் வாடகை வீட்டில் இருந்தார். ஆறடி உயரம். அவர் போடும் சேவிஸ் பந்து நிலத்தில் பட்டு எதிராளியின் காதடிக்கு எழும்பும். பந்து கோட்டுக்கு வெளியே என்று அவர் சொன்னால் மறுத்துக் கதைக்க ஆளில்லை. காணிச் சண்டையில் நீதவானே ஏற்றுக்கொள்ளும் கோடு அவருடையது.

கனகலிங்கம் சும்மா இருக்கவில்லை. ஓர் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தை அட்டை போட்டுப் படித்தார். பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றது புத்தகம். எடுக்கவில்லை. பந்து தம்மைக் கடந்து போவதை முன்னையிலும் தெளிவாகக் காண முடிந்தது. எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடி என்றது. மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவைக் கொப்பியில் எழுதினார்: ‘கனிசியஸ் உபவாசமிருக்கும் தவக்கால வெள்ளிகளில் சற்று மெதுவாக ஓடுகிறார்.’ கழகம் தவக்கால வெள்ளிகளில் போட்டி வைப்பதில்லை.

1990இல் திரும்பவும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டப்பட்டது. மண்ணெண்ணெய் வரவில்லை, சவுக்காரம் வரவில்லை, பற்றரி வரவில்லை. ரெனிஸ் பந்தும் வரவில்லை; ஆனால் இதற்காக வருந்தியவர்கள் குடாநாட்டிலேயே கழகத்தின் பதினான்கு அங்கத்தவர்கள்தாம். கைவசம் ஆறு பந்து இருந்தது. அவற்றைப் பனங்கொட்டைச் சாம்பலில் கழுவி, செயலாளர் வீட்டு அடுப்புக்கு மேலே பனங்கிழங்கு ஒடியலோடு ஒடியலாகக் காயவைத்து ஆடினார்கள். இரண்டு வருடத்தில் மயிர் முழுதும் உதிர்ந்து பந்துகள் மொட்டையாகின. மூன்றாம் வருடத்தில் உள்ளே இருந்த காற்றும் போய்விட்டது. நிலத்தில் பட்டால் முழங்கால் உயரம் எழும்பவே யோசித்தன.

இங்கேதான் கனகலிங்கத்தின் அறிவு விழித்துக்கொண்டது. கனிசியஸின் சேவிஸ் இப்போது காதுக்கு வரவில்லை, இடுப்புக்கும் வரவில்லை. ஆறடி மனிதர் ஒவ்வொரு பந்துக்கும் குனிய வேண்டியிருந்தது. அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பும் உண்டு. மொட்டைப் பந்தை மட்டையால் கீழிருந்து அரிந்துவிட்டால் அது வலையைத் தாண்டி விழுந்து, விழுந்த இடத்திலேயே படுத்துவிடும். ஓடி வந்து குனிந்து எடுத்தாரானால், அடுத்ததை அவர் தலைக்கு மேலால் தூக்கிப் பின்கோட்டில் போடவேண்டும். திரும்ப ஓடுவார், திரும்பக் குனிவார். கொப்பியில் இதைப் படம் கீறி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

பயிற்சிக்கு மனைவி மீனாம்பிகை அரிசி புடைக்கும் சுளகு போனது. வலைக்கு அப்பால் இரண்டு முழத்தில் சுளகை வைத்து, பத்துத் தரம் அடித்தால் எத்தனை சுளகுக்குள் விழுகிறதென்று எண்ணினார். ஆவணியில் இரண்டு விழுந்தது. தையில் ஏழு.

“இஞ்சாருங்கோ, ஐம்பத்தொரு வயதிலை சுளகுக்கை பந்து போடுற மனிசர் வேறை ஆரும் இந்த ஊரிலை இருக்கினமோ?” என்று மீனாம்பிகை கேட்டாள். இல்லை என்றும், அதுவே தமது பலம் என்றும் அவர் பதில் சொன்னதாகக் கேள்வி.

1994இல் கனகலிங்கம் முதன்முதலாக முதல் சுற்றைக் கடந்தார். அரையிறுதியில் கனிசியஸிடம் மயிரிழையில் தோற்றார். 1995 தையில் சண்டை நிறுத்தம் வந்தது. மாசியில் நடந்த பழகு ஆட்டத்தில் கனிசியஸை ஆறுக்கு இரண்டு என்று மடக்கினார். பங்குனிக் கடைசி ஞாயிறு பின்னேரம் இறுதியாட்டம். ஆடுபவர்கள் அவர்கள் இருவரும். பலகையில் தமது பெயருக்கு எத்தனை அங்குலம் தேவை என்று கனகலிங்கம் இரகசியமாக அளந்தும் பார்த்தார்.

சமாதானத்தில் உள்ள ஆபத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஞாயிறு காலை, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். நோர்வேயில் இருக்கும் மீனாம்பிகையின் தம்பி அனுப்பியது. உள்ளே ஒரு தகரப் பேணி. பேணிக்குள் மூன்று புத்தம்புதிய பந்து. 1992இல் செயலாளர் என்ற முறையில் கனகலிங்கமே கழகத்துக்காக உருக்கமாக எழுதிக் கேட்டிருந்தார். மறந்தும் விட்டார். கழகச் சட்ட யாப்பின் பதினான்காம் விதி, ‘இறுதியாட்டம் புதிய பந்தில் ஆடப்படும், அது கிடையாதவிடத்து உள்ள பந்தில் ஆடப்படும்’ என்கிறது. அதையும் எழுதியவர் அவரே.

“இண்டைக்கு வந்தது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். நாளைக்குக் குடுப்பம்,” என்று சொல்லி மீனாம்பிகை பேணியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பன்னிரண்டு வருடம் ஒரு கணக்கும் பிழைக்காத செயலாளர் இந்த முறைகேட்டுக்குச் சம்மதிக்கச் சரியாக இரண்டு நிமிடம் எடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐந்து வருடமாகப் புதுப்பந்தைக் காணாத மனிதர். பானைக்குள் கையை விட்டுப் பேணியை எடுத்துத் திறந்தார். உஸ் என்று காற்று வந்தது. மணந்து பார்த்தார். உள்ளங்கையில் வைத்து மயிரைத் தடவினார். பிறகு சீமெந்து நிலத்தில் ஒரே ஒருதரம் போட்டுப் பார்த்தார்.

பக்கத்து வீடு கழகத் தலைவர் ஏரம்புவுடையது. இளைப்பாறிய ரயில் நிலைய அதிபர், எழுபது வயது, காது மட்டும் இருபது. கிடுகு வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

“கனகலிங்கம், உது என்ன சத்தம்?”

“தேங்காய் விழுந்தது, ஐயா.”

“விழுந்த தேங்காய் ஒருக்காத்தான் சத்தம் போடும். உது நாலுதரம் கேட்டது.”

பின்னேரம் தலைவர் மண்டப வாசலில் நின்று பதினான்காம் விதியை உரக்க வாசித்தார். அரிய பந்துகளைத் தருவித்த செயலாளருக்கு நன்றித் தீர்மானமும் நிறைவேறியது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனிசியஸின் முதற்பந்து கனகலிங்கத்தின் காதடியால் போனது. அவர் அதை மிகத் தெளிவாகப் பார்த்தார். அரிந்து போட்ட பந்துகள் படுக்கவில்லை. எழும்பி, கனிசியஸின் இடுப்பளவில் நின்று, தட்டத்தில் வைத்த வெற்றிலைபோலக் காத்திருந்தன. குனிகிற தேவையே அவருக்கு வரவில்லை. ஆறுக்குப் பூச்சியம், ஆறுக்கு ஒன்று. அந்த ஒன்றும் வந்த விதம் உண்டு: கோடு பிசகாத நில அளவையாளர் அந்த ஒரு தடவை மட்டும் எட்டுச் சேவிஸைத் தொடர்ந்து கோட்டுக்கு வெளியே அடித்தார். அந்த இரக்கம் இல்லாமல் முழுப் பூச்சியத்தில் தோற்றிருந்தால் கனகலிங்கம் அன்றிரவு சாப்பிட்டிருப்பார்.

“மொட்டைப் பந்தெண்டால் நான் உங்களுக்கு முன்னாலை நிண்டிருக்கேலாது, அண்ணை. அது எல்லாருக்கும் தெரியும்,” என்றார் கனிசியஸ், வலையருகில் கைகொடுத்தபோது.

“எல்லாருக்கும் தெரியிறதைப் பலகையிலை எழுதேலாது, தம்பி.”

மறுநாள் ஏணி வைத்து ஏறி, கனிசியஸின் பெயரை எழுதினார். வழக்கம்போல முத்து முத்தான எழுத்து. அதன் கீழே 1996 என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டார்.

சித்திரையில் சமாதானம் முடிந்தது. குண்டு விழத் தொடங்க, கழகத்தினர் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டினார்கள். மேலே போடப் பலகை கிடைக்கவில்லை. மண்டபத்துப் பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டு மண்மூட்டை அடுக்கினார்கள். இதனால் விமானம் வரும்போதெல்லாம் கனகலிங்கம் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே மூன்றடி உயரத்தில், கனிசியஸ், கனிசியஸ், கனிசியஸ் என்று தாமே எழுதியதை வாசிக்க நேர்ந்தது. கடைசியில் அந்த வெற்றிடம்.

அவர் மனம் தளரவில்லை. பாதை பூட்டியாகிவிட்டது, இனி நோர்வேப் பார்சல் வராது. உள்ள புதுப்பந்து மூன்றையும் அடுத்த பங்குனிக்குள் மொட்டையாக்கிவிட்டால் போதும். விடிய வெள்ளென எழும்பிக் கிணற்றுக் கட்டில் அடி அடியென்று அடித்தார். மத்தியானங்களில் அம்மியில் வைத்துத் தேய்த்தார். இந்த வயதில் இவ்வளவு விடாமுயற்சியா என்று தலைவர் வேலிக்கு மேலால் வியந்தார். ஐப்பசி நடுவில் பந்துகள் பளபளத்தன.

ஐப்பசிக் கடைசியில், ஆமி வருகிறது, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிப் போனது. கனகலிங்கமும் மீனாம்பிகையும் சைக்கிளில் அரிசிப் பானையைக் கட்டி உருட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மழை. மீனாம்பிகை தலைக்குச் சுளகைப் பிடித்திருந்தாள். மறுநாள் முற்பகல் நாவற்குழிப் பாலத்தில், சனத்துக்குள் சனமாக, கனிசியஸ் பக்கத்தில் வந்து சேர்ந்தார். மன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறப் போவதாகவும், திரும்பி வருவது நிச்சயமில்லை என்றும் சொன்னார்.

கனகலிங்கம் மடியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். கனிசியஸ் பெருவிரலால் அழுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்முறைத் தீர்ப்பு அது.

“ஓம் அண்ணை. இது முழங்காலுக்கு மேலை வராது.”

உறுதிப்படுத்தப் பந்தைத் தார் வீதியில் போட்டார். பார்க்க இருவரும் குனிந்தார்கள். பின்னால் வந்த சனம் தள்ளியது. கனகலிங்கம் நிமிர்ந்தபோது கனிசியஸின் தலை நாலு வண்டிலுக்கு அப்பால் போய்விட்டது. பந்து எழும்பியதா, எந்தப் பக்கம் உருண்டது என்று தெரியவில்லை. குனிந்து தேட இடமும் இல்லை.

“நடவுங்கோ,” என்றாள் மீனாம்பிகை.