மூன்றாம் நம்பர் இஞ்சினின் பிரேக்

விசாரணை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. வெள்ளைக்காரர் போனபின் அந்த நாற்காலிக்கு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் கிளார்க், எழுதவும் பேச்சை மொழி மாற்றிச் சொல்லவும். கதவோரம் சீன ஃபிட்டர். இந்தப் பக்கம் டிரைவர், தொப்பி மடியில். அவருக்குப் பின்னால், தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேனாகிய நான். என் கையில் கொடிக்கம்பு இருந்தது. சிவப்புத் துணியைக் கழற்றிவிட்டிருந்தேன். கம்பில் கத்தியால் போட்ட வெட்டு இரண்டு.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறு வருடம் அது. மலாக்காவுக்குள் ரயில் கிடையாது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனதுதான், திரும்பப் போட ஆளில்லை. டிரைவருக்கும் எனக்கும் மலாக்காவின் காஜா பெராங்கில் வீடு. விடியலில் ஒரே பஸ் பிடித்துத் தம்பின் ரயில் யார்டுக்குப் போவோம். அவர் செட்டி கம்போங்காரர், பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும். தமிழ் நாலு சொல் வரும். என்னைத் 'தம்பி' என்பார். நான் தோட்டத்துப் பிள்ளை, படிப்பு மூன்றாம் வகுப்பு. அவரை 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை.

யார்டில் ஷண்டிங் செய்ய, வேகன்களைத் தள்ளிச் சேர்க்க, டீசல் இஞ்சின் மூன்று. ஒரே பச்சை, ஒரே உயரம். தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கிட்டே போனால் அப்படி இல்லை. ஒன்றாம் நம்பருக்கு ஏறும் படி தட்டை, மழையில் வழுக்கும். இரண்டாம் நம்பருக்குப் படி உருட்டுக் கம்பி. முதல் இரண்டுக்கும் ஹாரன் கூரைமேல். மூன்றாம் நம்பருக்கு அது முன்மூக்கில், சத்தமும் கட்டை. மணல் பெட்டியின் மூடி ஒன்றில் வலப்பக்கம் திறக்கும், இரண்டில் இடப்பக்கம். இருட்டில் கையால் தடவியே எந்த இஞ்சின் என்று சொல்லிவிடுவேன். இதெல்லாம் பெரிய காரியமில்லை. மூன்றாம் நம்பரின் பிரேக்தான் காரியம். மற்ற இரண்டிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் கொடியைப் பார்க்கும்போது டிரைவரின் கை பிரேக் பிடியில் இருக்கும். மூன்றில் பிடி உள்ளே தள்ளி இருந்தது. கொடியைப் பார்த்தால் பிரேக் எட்டாது. பிரேக்கைப் பிடித்தால் கொடி தெரியாது.

"இத ஓட்ட ஒராங் ஊத்தான்தான் வேணும், தம்பி. கை நீளம்" என்பார்.

நீராவி இஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். டீசலுக்கு ஒரு ஆள் போதும் என்று மேலே முடிவு. அதனால் மூன்றாம் நம்பர் ஓடும் நாளில் பாயிண்ட்ஸ்மேன் எங்களில் ஒருவர் கேபினில் ஏறி ஜன்னலில் நின்று, "மெல்ல... மெல்ல... நிறுத்து!" என்று குரல் கொடுப்போம். டிரைவர் தவிர யாரும் ஏறக் கூடாது என்பது சட்டம். ஏறினோம், ஆறு மாதம். யாரும் புகார் எழுதவில்லை. "இஞ்சின் சரியில்லைன்னா, இவங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லுவாங்க" என்று பயம். டீசல் ஓட்டும் வேலை இப்போதுதான் நம் ஆள் கைக்கு வந்திருந்தது.

விபத்து நடந்த அன்று எங்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஆள் குறைவு. நான் தரையில் கொடியோடு நின்றேன். கேபினில் டிரைவர் மட்டும். ரப்பர் ஏற்றிய நான்கு வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்பைக் காட்டினேன். அவர் பார்த்தார். பிரேக்கைப் பிடிக்க அவர் முகம் உள்ளே போனதை நான் கண்டேன். முதல் வேகன் தண்டவாள முடிவில் இருந்த முட்டுக்கட்டையை உடைத்துக் கொட்டகைச் சுவரில் ஏறி நின்றது. ஆளுக்குச் சேதமில்லை.

கவனக்குறைவு என்று எழுதினார்கள். நிரூபணமானால் டிரைவர் வேலை போய், இஞ்சின் துடைக்கும் வேலை. பதினெட்டு வருடம் ஓட்டியவர்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று இஞ்சினிலும் ஏறினேன். கம்பின் நுனியை ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஒன்றில் பிரேக் பிடி தொட்ட இடத்தில் ஒரு வெட்டு. இரண்டாம் நம்பரிலும் அதே இடம்தான். மூன்றில் வேறு இடம். அங்கே இன்னொரு வெட்டு. டிரைவர் கீழே நின்று பார்த்தார்.

"ஜாங்ஙான் சாகாப், தம்பி. பேசாதே. உன் கெர்ஜாவும் போயிடும்."

கெர்ஜா என்றால் வேலை. நான் இறங்கி வந்து சோறு சாப்பிட்டேன்.

அறையில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. கிளார்க் மாற்றிச் சொன்னார். "டிரைவர் கொடியப் பார்த்தாரா? ஆமாவா இல்லையா, அது மட்டும் சொல்லு."

"பார்த்தார்."

"பார்த்தும் ஏன் நிறுத்தல?"

"கை எட்டல."

"எல்லா இஞ்சினும் ஒண்ணுன்னு காயிதத்துல இருக்குய்யா."

"காயிதத்துல நான் ஏறி நிக்கல. இஞ்சின்ல நின்னேன், ஆறு மாசம்."

கிளார்க்கின் பேனா நின்றது. "இதையும் சொல்லவா? உனக்குத்தான் கேடு" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க."

சொன்னார். கம்பை மேசைமேல் வைத்து, இரண்டு வெட்டும் எது எது என்று காட்டினேன். அதிகாரி ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர், "தக் சாமா, துவான்" என்றார். ஒரே மாதிரி இல்லை, ஐயா என்று.

அதிகாரி எழுந்து வெயிலில் யார்டுக்கு நடந்தார். நாங்களும் போனோம். வெள்ளைச் சட்டையோடு மூன்றாம் நம்பரில் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டினார். என்னைக் கொடி காட்டச் சொன்னார். துணியில்லாத கம்பைத் தூக்கினேன். அவர் இடது கை உள்ளே காற்றைத் துழாவியது. டிரைவரைவிட நெட்டை ஆள், அவருக்கே எட்டவில்லை.

"துவானும் ஒராங் ஊத்தான் இல்லை" என்றார் டிரைவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. அந்த வாரம் முழுக்க அவர் பேசிய முதல் வேடிக்கை.

டிரைவரின் வேலை போகவில்லை, இஞ்சினிலேயே இருந்தார். ஃபிட்டர் பிரேக் பிடியில் ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து நீட்டினார். சட்டத்தை மீறி ஏறியதற்கு எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு நின்றது. சரிதான். ஏறியது உண்மை. அன்று பஸ்ஸில் டிரைவர் எப்போதும் உட்காரும் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. மூன்று இஞ்சினும் பழைய இரும்பாயின. இப்போது தம்பினில் கரண்டு ரயில் வந்து நிற்கிறது. கொடியும் இல்லை, கம்பும் இல்லை. போன வாரம் அவர் மகள் ஒரு படம் கொண்டுவந்தாள். இஞ்சின் ஜன்னலில் அப்பா.

"எல்லா இஞ்சினும் ஒரே மாதிரிதானே, அங்கிள்? இது எந்த நம்பர்?"

ஹாரன் முன்மூக்கில் இருந்தது. "மூணு" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

கதவுக்குப் பின்னால் இருந்த கம்பை எடுத்துக் கொடுத்து, பிரேக் கதையைச் சொன்னேன். அவள் தையல்காரி, பையில் டேப் இருந்தது. ஒரு வெட்டிலிருந்து மறு வெட்டுக்கு வைத்துப் பார்த்தாள்.

நாலரை அங்குலம்.