திருநாராயணனின் திங்கட்கிழமைகள்

மைசூர் அக்ரஹாரத்தில் திருநாராயணனைத் தெரியாதவர்கள் குறைவு. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். நெற்றியில் பளிச்சென்று திருமண் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும், யாருக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டியிருந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் கோயிலை ஒட்டிய சின்னக் கூடத்தில் உட்கார்ந்து, தமிழும் கன்னடமும் கலந்து சரணாகதியைப் பற்றிப் பேசுவார். எந்தப் பாசுரத்தில் தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். பெருமாளைப் பற்றிக்கொண்டவன் இன்னொரு தெய்வத்தின் வாசலை மிதிக்கக்கூடாது. "கையில குடையைப் பிடிச்சுண்டு மரத்தடி தேடறவனுக்குக் குடைமேல நம்பிக்கை இல்லேன்னுதானே அர்த்தம்?" என்பார். சிவன் கோயில் இருக்கும் தெருவில் போனால் கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்துக்கொண்டு போவார். வெறுப்பெல்லாம் கிடையாது. "அடுத்தாத்து ஜன்னலை எட்டிப் பார்க்கப்படாது, அவ்வளவுதான்" என்று மனைவி வத்ஸலாவிடம் விளக்கம் சொல்வார். வத்ஸலா சிரித்துக்கொள்வாள்.

மகன் வேதாந்துக்கு மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த ஸ்மிதாவைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவன் வந்து நின்றபோது திருநாராயணன் தடை சொல்லவில்லை. ஸ்மிதா நஞ்சன்கூட்டுப் பெண். அவர்கள் குடும்பத்துக்கு எல்லாமே அந்த ஊர் நஞ்சுண்டேஸ்வரர்தான். வந்த சில மாதங்களிலேயே அவள் வீட்டுத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரை மட்டும் கன்னட வழக்கப்படி "மாவா" என்று கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடுவது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஸ்மிதா முதல்முறை உண்டானபோது அவளுடைய அம்மா கௌரம்மா நஞ்சன்கூடு கோயில் விபூதிப் பிரசாதத்தோடு வந்தாள். திருநாராயணன் வாசலிலேயே கைகூப்பி நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்க உள்ள வாங்கோ. பிரசாதம் மட்டும் இந்த ஆத்துக்குள்ள வேண்டாம்."

கௌரம்மா பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், காபி குடித்தாள், மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே, ஐந்தாம் மாதத்தில், குழந்தை தங்கவில்லை.

டாக்டர் காரணம் சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது. கௌரம்மா வந்து வத்ஸலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே தவிர, பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று திருநாராயணனுக்கு இருந்தது. கோபித்துக்கொண்டு சிசுவைப் பறிப்பது தெய்வமே இல்லை என்று யார் கேட்டாலும் அவர் அடித்துச் சொல்வார். சாஸ்திரத்திலிருந்து ஆதாரமும் காட்டுவார். ஆனால் புத்திக்குத் தெரிந்தது மனசுக்குத் தெரியவில்லை. ஸ்மிதா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தான் வாசலில் கைகூப்பி நின்றது ஞாபகம் வந்தது.

மறு வருஷம் அவள் மறுபடி உண்டானாள். அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அவள் உண்டானது தெரிந்த வாரமே, திங்கட்கிழமை காலையில் திருநாராயணன், "பென்ஷன் விஷயமா ஒருத்தரைப் பார்க்கணும்" என்று வத்ஸலாவிடம் சொல்லிவிட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சாமராஜநகர் பாசஞ்சரில் ஏறினார். நஞ்சன்கூட்டில் இறங்கிக் கபிலை ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்தார். யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு துண்டை நனைத்து நெற்றித் திருமண்ணைத் துடைத்தார்.

வாழ்நாளில் முதல்முறையாக வெறும் நெற்றியோடு வெளியில் நடந்தார். சந்நிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. என்ன சொல்லி வேண்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெய்வத்துக்கான சுலோகம் ஒன்றுகூட அவருக்கு வராது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல மனசுக்குள் பேசினார்.

'நான் உமக்கு அடியவன் இல்லை. அதில் மாற்றமும் இல்லை. ஆனால் அவள் உம்ம ஊர்ப் பெண். வாசலில் நிறுத்தினது நான். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளும்.'

அர்ச்சகர் விபூதி கொடுத்தார். நெற்றியில் இட்டுக்கொள்ள மனசு வரவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சட்டைக்கு உள்ளே மார்பில் தடவிக்கொண்டார். திரும்பும் வழியில் மறுபடி படித்துறையில் உட்கார்ந்து, பையிலிருந்த திருமண் பெட்டியைத் திறந்து, சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் புதிதாக இட்டுக்கொண்டு மைசூருக்கு ரயிலேறினார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் பென்ஷன் விஷயம் இருந்தது. சனிக்கிழமைதோறும் குடையும் மரத்தடியும் இருந்தன. இரண்டையும் எப்படி ஒன்றாகச் சுமந்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடிந்திருக்காது. சனிக்கிழமை பேசும்போது அவர் பொய் பேசவில்லை, பேசிய ஒவ்வொரு சொல்லையும் நம்பினார். திங்கட்கிழமை ரயிலேறும்போது ஸ்மிதா முகம்தான் ஞாபகம் இருந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் முனிராஜும் ஒருவன். கொள்ளேகாலுக்கு அப்பால் அனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, நாற்பதை நெருங்குகிறவன். அக்ரஹாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். திருநாராயணனின் பேச்சில் மனம் ஒட்டி, அவரே கூட்டிப்போக, மேலுகோட்டையில் தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொண்டு வைஷ்ணவனானான். திரும்பி வந்த அன்றே கடையில் இருந்த மற்றச் சாமி படங்களையெல்லாம் இறக்கிவிட்டான்.

ஸ்மிதாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை பேச்சு முடிந்ததும் முனிராஜ் எழுந்து நின்றான்.

"சாமி, எங்கம்மாவுக்குத் திங்கக்கிழம இருதய ஆப்பரேசனுங்க. ஊரு மாரம்மா கோயில்ல மஞ்சக்கயிறு வாங்கியாந்து கையில கட்டுடான்னு ஒரே புடியா புடிக்குதுங்க. நம்மளுக்குப் பெருமாளிருக்க அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. அதுலருந்து அம்மா எங்கூடப் பேசறதில்லீங்க. நான் பண்ணுனது சரிதானுங்களே?"

எல்லோரும் திருநாராயணனைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிதான், முனிராஜ். இப்படி ஒரு உறுதி எத்தனை பேருக்கு வரும்?"

கூட்டம் தலையாட்டியது. ஒருவர் 'ஆஹா' என்றுகூடச் சொன்னார். முனிராஜ் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தான். முகம் தெளியவில்லை.

வீட்டில் வத்ஸலா தட்டில் சாதம் போட்டுச் சாத்தமுது ஊற்றினாள். திருநாராயணன் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன என்று வத்ஸலா கேட்க, முனிராஜ் கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, உங்க திங்கட்கிழமையைப் பத்தி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவருக்குக் கை அப்படியே நின்றது. "என்ன திங்கட்கிழமை?"

"காலம்பற இட்டுண்ட திருமண் மத்தியானத்துக்குள்ள கலைஞ்சுதானே போகும்? திங்கட்கிழமை மட்டும் புதுசா வரேள். சட்டையைத் தோய்க்கப் போட்டா உள்பக்கமெல்லாம் விபூதி. இந்த மைசூர்ல எந்த பென்ஷன் ஆபீஸ்ல விபூதி தரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஸ்மிதாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"நான் சொல்லலை. நீங்களா சொல்லுவேள்னு இருந்தேன்."

"அவன் என்னை நம்பி அம்மாவோட பேச்சில்லாம நிக்கறான், வத்ஸலா. நான் என்னடான்னா..."

"அதான் சொல்றேன். உங்களுக்குப் பயம் வந்தப்போ நீங்க போனேள். அந்த அம்மாவுக்குப் பயம் வராதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். முனிராஜ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை. நின்றபடியே, ரயில், படித்துறை, திருமண்ணைத் துடைத்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

முனிராஜின் முகம் சிவந்தது. "அப்ப எனக்கொரு நாயம், உங்களுக்கொரு நாயமுங்களா சாமி?"

கேட்டுவிட்டு அவனே தொடர்ந்தான்.

"உங்க மருமகளுன்னா ரயிலேறிப் போவீங்க. எங்கம்மா மட்டும் கயிறில்லாம ஆப்பரேசனுக்குப் போகோணும். நேத்து அத்தன பேரு முன்னால என்னய மெச்சுனீங்களே, அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருக்கணும். தைரியம் இல்லை, முனிராஜ். வெட்கமா இருந்தது. இப்பவும் இருக்கு. நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்கோ. வர வரைக்கும் அம்மாவை நான் பார்த்துக்கறேன்."

முனிராஜ் அவரை ஒரு பார்வை பார்த்தான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினான். அனூர் கிட்டத்தில் இல்லை. அவன் திரும்பும்வரை திருநாராயணன் அவன் அம்மா பூவாத்தாளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் எங்கே போயிருக்கிறான் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "போயிட்டானுங்களா" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாய் மூடவில்லை. ஆடு, வயல், கொள்ளேகால் சந்தை என்று சாயங்காலம்வரை அவருக்குக் கதை சொன்னாள். முனிராஜ் கயிறோடு வந்தபோது கையை நீட்டியவள், கட்டி முடித்ததும் அவன் கன்னத்தைத் தொட்டாள். திருநாராயணன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்ததும் பாசுரத்தைத் தொடங்காமல் தன் திங்கட்கிழமைகளைத் தொடங்கினார். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் பாதியிலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் பேரனுக்காகச் சாமுண்டி மலையேறியதை மெதுவாகச் சொன்னாள். இன்னொருவர், வேறு வழியில்லாமல், சனி பகவானுக்கு எள் விளக்கு போட்டதைச் சொன்னார். அன்றைக்கு உபன்யாசமே நடக்கவில்லை.

ஸ்மிதாவிடமும் அவரேதான் சொன்னார். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்த வயசுல ரயில்ல இடிபட்டுண்டா போனீங்கோ, மாவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேதாந்த் கார்ல விட்டிருப்பானே!"

ஐந்தாம் மாதம் கடந்தது. ஏழும் கடந்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. வசுதா என்று பெயர் வைத்தார்கள்.

திருநாராயணன் கொள்கையை விட்டுவிடவில்லை. பெருமாள் ஒருவரே கதி என்று இன்றைக்கும் சொல்கிறார், அதே கனத்த குரலில்தான். ஆனால் வேறு கோயிலுக்குப் போகாதவனை மெச்சுவதையும் போனவனை இடித்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். "பயம் வந்தா மனுஷன் ஓடத்தான் ஓடுவான். எங்கே ஓடறோம்னு தெரிஞ்சு ஓடினா போதும்" என்கிறார். முழுக்க நிறைவான பதில் இல்லை என்று அவருக்கே தெரியும்.

முனிராஜ் வெகுநாள் கூடத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. ஜெராக்ஸ் கடை வழியாகப் போகும்போதெல்லாம் திருநாராயணன் ஸ்கூட்டரை மெதுவாக்குவார். அவன் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொள்வான். பிறகு ஒரு சனிக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பேச்சு முடிந்ததும் எழுந்து, "சாமி, ஒரு சந்தேகமுங்க" என்று வம்பாக ஒரு கேள்வி கேட்டான். திருநாராயணன் திணறிப்போனார். அடுத்த வாரமும் கேட்டான். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானமே அவர் புத்தகங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். "நாளைக்கு முனிராஜ் என்ன கேட்பானோ தெரியலையே" என்று வத்ஸலாவிடம் அங்கலாய்க்கிறார். குரலில் இருக்கும் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடிவதில்லை.