முகத்துவாரத்தில் சித்தி எடுக்காத படம்

எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே டெலிபோன்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே, காதர் பாயின் கயிற்றுக் கடையில் இருக்கிறது. யாருக்குப் போன் வந்தாலும் பாய் கடைக்குள் இருந்தபடியே ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு என்றால், அதிகம் பேசாத என்னைப் பார்த்து, "ஏய் ஊமக்கோட்டான், ஒனக்குத்தான்! வந்து வாயத் தொற!" என்பார். அன்று காலை அவர் கத்தவில்லை. மாட்டு வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து வந்து, வாசலில் நின்று, "வாம்மா, போன் வந்துகீது" என்றார். அவர் என்னை 'வாம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ஆஸ்பத்திரியில் சித்தியோடு இருந்தார். நைனா கிரேன் டூட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்.

பேசியது லில்லி அக்கா. சித்தியோடு துறைமுகத்துக் கப்பல் கம்பெனியில் டெலிபோன் போர்டில் வேலை செய்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து அங்கேதான் முதலில் சொல்லியிருக்கிறார்கள். "லைன்ல இரு, பாப்பா" என்றார் லில்லி அக்கா. நான் இருந்தேன். லைனில் வேறு யாரும் வரவில்லை. கொஞ்சம் கழித்து அவரே மறுபடி வந்தார். "பழக்கத்துல சொல்லிட்டேன்டி. உன் சித்தி போயிட்டாங்க" என்று அழுதார்.

என் அம்மாவின் தங்கை ஜெகதாம்பாள் இப்படித்தான், தான் வேலை செய்த போர்டு வழியாகவே, எங்களுக்குச் செய்தியாக வந்து சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு லில்லி அக்கா வீட்டுக்கு வந்தார். சித்தியின் சிநேகிதிகள் ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்கள் என்றும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்ததால் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு எழுதத் தெரியாது என்றேன். "போர்டுல இருந்த ஜெகதாவ நாங்க எழுதுவோம். காட்டுலயும் மேட்டுலயும் நடந்த ஜெகதாவ உன்னைத் தவிர யாரு பாத்தா?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு முறை பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டபோது, சித்தி, "உங்க ஊர்ப் பக்கம் மலை இருக்குதா?" என்று திருப்பிக் கேட்டாராம். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஜன்னல் இல்லாத அறையில், காதில் குழாயை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க மற்றவர்கள் பேச லைனைச் சேர்த்துக் கொடுப்பது சித்தியின் வேலை. "ஆறு நாள் காதுல பேச்சு. ஏழாவது நாள் பேச்சே இல்லாத எடமா பாத்துப் போயிடணும்" என்பார். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பெட்டிக் காமிராவை வாங்கினார். ஞாயிறு விடியும்போதே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்ணூருக்கு ரயிலேறிவிடுவார்.

நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. "தனியா போற பொம்பளைய ஊரு நாலு விதமா பேசும். பாப்பாவையாவது கூட்டினு போ" என்றார். அப்படித்தான் பதின்மூன்று வயதில் நான் சித்திக்குத் துணையானேன். "இவதான் எனக்குக் காவலா மாமா? எவனாவது வந்தா இவ மொதல்ல என் முந்தானைக்குள்ள பூந்துக்குவா" என்று சித்தி சிரித்தார். ஆனால் போகப் போக, நான் வாய் திறக்காதவள் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாகிவிட்டது. மணல்மேடு, உப்பளம், தாழம் புதர், கழிமுகம் என்று அரை நாள் நடப்போம். ஒரு வார்த்தை இருக்காது. எதையாவது காட்ட வேண்டும் என்றால் சித்தி ஒரு விரலைத் தூக்குவார்.

அந்தக் காமிராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றோடு அணைத்து, குனிந்து, மேலே உள்ள சிறு கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். வலப்பக்கம் போகும் படகு அதில் இடப்பக்கம் போகும். படத்தைக் கழுவி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். கண்ணாடியில் மட்டும்தான் அந்த மாற்றம்.

ஒரு முறை பஸ் பிடித்து, ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரத்து மலைக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே ஓடை. இரண்டு ஆள் உயரத்தில் ஒரு வழுக்குப் பாறையின் நுனியில் சித்தி வெறுங்காலோடு நின்றுகொண்டு, எதிர்மலையின் மேல் மேகம் வந்து சேரக் காத்திருந்தார். புடவையைக் காற்று பிடித்து இழுத்தது. கீழே நின்ற நான் அவர் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பாறையைக் கவ்விப் பிடித்திருந்தன. மேகம் வந்தது, கிளிக் என்றது, இறங்கி வந்தார். "பயமா இருந்துச்சா?" என்றார். தலையாட்டினேன். "எனக்கும்தான். பயம் இல்லன்னா படம் சப்புனு வரும்" என்றார். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆனால் சித்தி எடுக்க ஆசைப்பட்டது வேறொரு படம்.

கோடையில் எண்ணூர் முகத்துவாரத்தை, அதாவது கழிமுகத்தின் வாயை, கடல் மணலால் அடைத்துவிடும். பிறகு மழை பெய்து, உள்ளே தண்ணீர் ஏறி, நெட்டுக்குப்பத்துக் குடிசைகளை எட்டிப் பார்க்கும். அப்போது ஊர் கூடி ஒரு நாள் குறித்து, கற்பூரம் ஏற்றி, அந்த மணல் திட்டை மண்வெட்டியால் வெட்டுவார்கள். முதலில் ஒரு குழந்தை தாண்டும் அகலத்தில்தான் வாய்க்கால் இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதுவே இரு கரையையும் தின்று தின்று ஆறாகிவிடும். அந்தத் தண்ணீர் கடலில் போய் மோதும் முதல் நேரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதைத்தான் சித்தி எடுக்க நினைத்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த நாளில் நாங்கள் அங்கே இருந்தோம். குப்பத்தில் எல்லாருக்கும் சித்தியைத் தெரியும். அவருக்குப் 'பொட்டிக்காரம்மா' என்று பேர். மண்வெட்டியோடு நின்ற தேசப்பன் அண்ணன், "இன்னா பொட்டிக்காரம்மா, எப்பப் பாரு தண்ணியவே புடிச்சினு கீற! எங்க மூஞ்சியெல்லாம் மூஞ்சியா தெர்லியா?" என்றார்.

"ஒங்க மூஞ்சி நாளைக்கும் இப்படியேதான் இருக்கும். தண்ணி இருக்காதே" என்றார் சித்தி. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

வாய்க்கால் வெட்டி முடிந்து தண்ணீர் சீறிக் கிளம்பியது. தேசப்பன் அண்ணன் எச்சரித்தார்: "கரையாண்ட நிக்காத மே. அடில தின்னுகினு வரும், மேல ஒண்ணியும் தெரியாது." சித்தி தலையாட்டினார். ஆனால் பிலிமில் ஒரே ஒரு படம் மீதி இருந்தது. ஆண்கள் எல்லாம் கழிமுகப் பக்கம், பாயும் தண்ணீரில் மீன் பிடிக்க ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவரும் கடல் பக்கம் வந்தோம். சித்தி தெற்குக் கரையில், கடலைப் பார்த்து, கண்ணாடியில் குனிந்து நின்றார். வாய்க்கால் அவருக்கு இடது கைப்பக்கம். நான் பின்னால், அவர் செருப்பையும் தூக்குச் சட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் நின்ற கரையில் தலைமயிர் போல ஒரு விரிசல் ஓடியது. நான் பார்த்தேன். கண்ணாடியில் அவரும் கரை உதிர்வதைப் பார்த்தார். ஆனால் கண்ணாடியில் அது வலப்பக்கம் உதிர்ந்தது. எத்தனையோ படம் எடுத்தவர், அந்த ஒரு நொடி, பதற்றத்தில் கண்ணாடியை நம்பிவிட்டார். விலகுவதாக நினைத்து இடப்பக்கம் கால் வைத்தார். இடப்பக்கம்தான் வாய்க்கால். மண்ணும் சித்தியும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

தலை ஒரு முறை தெரிந்தது. பிறகு கை. பிறகு பழுப்புத் தண்ணீர் மட்டும். ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் இருந்தார்கள். தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தூக்குச் சட்டி கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்தது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"சித்தி பூட்டாங்க! தண்ணில பூட்டாங்க!"

தேசப்பன் அண்ணன் திரும்பினார். இரண்டு பேர் கயிற்றோடு மணலில் ஓடி வந்து, அலை எதிர்த்துத் தள்ளும் இடத்தில் இறங்கினார்கள். கயிறு ஒரு தடவை தவறியது. மறு தடவை சித்தியின் கையில் சிக்கியது. இழுத்துப் போட்டபோது புடவை காலில் சுற்றிக் கிடந்தது. காமிரா கழுத்திலேயே தொங்கியது. குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"நீயா கத்துன?"

தலையாட்டினேன்.

"நல்லாக் கேட்டுச்சு. லைன்ல எரைச்சலே இல்ல."

வீட்டில் நைனா அன்று சாப்பிடவில்லை. "படம் புடிக்கப் போயி, செவுத்துல நீயே படமா தொங்கப் பாத்தியா? ஒங்க அக்காளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கத்தினார். காமிராவைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். "சரி மாமா" என்று மட்டும் சொன்னார் சித்தி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருந்தார். அது எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவர் சண்டை போட்டிருந்தால் தேவலை. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். போன வருஷம் முகத்துவாரம் வெட்டும் நாளில், மீன் விற்க வந்த தேசப்பன் அண்ணன் மனைவி, "பொட்டிக்காரம்மா வர்லியா?" என்று வாசலில் கேட்டார். நைனா உள்ளே போய்விட்டார். சித்தி மீனை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஆடியில் ஒரு நாள் நைனா காதர் பாய் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு ஒன்று கேட்டார்.

"இன்னா மாமு, கப்பல் கட்டி இழுக்கப் போறியா?" என்றார் பாய்.

"இல்ல பாய், மச்சினிச்சியக் கட்டி இழுக்கப் போறேன்."

அந்தக் கயிற்றையும் சாவியையும் சித்தி முன்னால் வைத்தார். "இந்தத் தபா நானும் வர்றேன். இடுப்புல இத்தக் கட்டி, பின்னாடி நான் புடிச்சினு நிப்பேன். கிரேன்ல எத்தினி டன்னு தூக்கறவன், ஒன்னத் தூக்க மாட்டனா? நீ எடு" என்றார். சித்தி கயிற்றைக் கையில் எடுத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். அன்றே காமிராவை வெயிலில் வைத்துத் துடைத்தார். உப்புத் தண்ணீர் பட்டுக் கண்ணாடியின் ஒரு மூலை வெளுத்துப் போயிருந்தது. புதுப் பிலிம் வாங்கிப் போட்டார். கழிமுகத்துக்கென்று ஒரு படம் கூட எடுக்காமல் காத்திருந்தார்.

ஐப்பசி மழை வந்தது. கூடவே சித்திக்குக் காய்ச்சல் வந்தது. குடல் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பார்: "வெட்டிட்டாங்களா?" இல்லை என்போம். அது உண்மைதான். அவர் எழுந்துவிடுவார் என்றும், தண்ணீர் பொறுத்திருக்கும் என்றும் நம்பிக்கொண்டு நாங்கள் வானத்தைப் பார்த்தோம். ஆனால் குடிசைக்குள் தண்ணீர் வந்த பிறகு ஊர் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. வெட்டிவிட்டார்கள். நைனா அன்று சாயங்காலம் கட்டில் அருகே நின்று, "இன்னும் இல்ல ஜெகதா. ஒனக்காவத்தான் வெச்சிகினு கீறாங்கோ" என்றார்.

சித்தி கண்ணை மூடிக் கேட்டார். நாள் முழுக்கக் குரல்களோடு இருந்த காது அது. நைனா வெளியே போனதும், "மாமா கொரல் எறங்கிடுச்சு. வெட்டிட்டாங்க, இல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் போர்வையை இழுத்து விட்டேன். விரலைத் தூக்கி, போகட்டும் என்பது போல அசைத்தார்.

"கடல் மறுபடியும் மூடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

சித்தியை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். காதர் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். தேசப்பன் அண்ணனும் அவர் மனைவியும் குப்பத்து ஆட்களோடு வந்தார்கள். மூங்கிலும் ஓலையும் வந்தன. பாடை கட்ட, "கயிறு எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள். எதிரே கடை நிறையக் கயிறு இருக்கிறது. பாய் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நைனா அவரைக் கையமர்த்திவிட்டு உள்ளே போனார். ஆடியில் வாங்கிய அந்தக் கயிற்றோடு திரும்பி வந்து, தானே உட்கார்ந்து, முடிச்சு முடிச்சாகக் கட்டினார். அவிழாத முடிச்சு. அவர் முகத்தை யாரும் பார்க்க முடியவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் வாசற்படியில் நின்றேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, காமிரா என் கழுத்தில் இருந்தது. எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. பாடை வலப்பக்கம், தெற்கே, மூலகொத்தளத்துச் சுடுகாட்டுக்குத் திரும்ப வேண்டும். தூக்கினார்கள். அம்மா கதறினார். நான் குனிந்து கண்ணாடியில் பார்த்தேன்.

வெளுத்துப் போன அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் சித்தி இடப்பக்கம் திரும்பினார். நைனா தோள் கொடுக்க, தேசப்பன் அண்ணன் தோள் கொடுக்க, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே, எண்ணூர் பார்த்து நடந்தார்கள். புதுப் பிலிம் உள்ளே இருந்தது. என் விரலும் பொத்தானில் இருந்தது. எடுத்திருந்தால் கழுவிய படத்தில் எல்லாம் சரியாகி, அவர் தெற்கேதான் போவார். அதனால் நான் எடுக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டி அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

போய் வாருங்கள் சித்தி. கரையோரம் நிற்காதீர்கள்.