ராஜி அக்காவும் கால் மைல் கார்களும்

ராஜி அக்கா இல்லையாம்.

காலையில் குகன் அண்ணை வட்ஸ்அப்பில் கோல் எடுத்தார். "பிள்ளை, ராஜி மோசம் போயிட்டா..."

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு வரை யாழ்ப்பாணம் மானிப்பாயில் ஒரு பல் வைத்தியரிடம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வேலை செய்தோம். பின் அறையில் ராஜி அக்காவும் குகன் அண்ணையும் பல்செட் கட்டுவார்கள். முன்னால் இருந்து நம்பர் துண்டு கொடுப்பது நான்.

பல்செட் வேலை இல்லாத நேரத்தில் ராஜி அக்கா கார் செய்வார்.

சும்மா பொம்மைக் கார் இல்லை. ஐம்பது, அறுபதுகளில் அமெரிக்காவில் கால் மைல் தூரம் நேர்கோட்டில் பறக்கவிட்ட டிராக் (drag) ரேஸ் கார்கள். கப்பலில் வேலை செய்த தம்பி கொண்டுவந்த மகஸீன்களைப் பார்த்து, அளவு பிசகாமல், ஒரு சாண் நீளத்தில்.

பல்லுக்குக் கட்டும் கம்பியில் சட்டம். பால்மா டின் தகட்டில் வெளி உடம்பு. செருப்பு றப்பரில் பெரிய பின் ரயர். பழைய ரேடியோ வயரை உரித்து எஞ்சினுக்கு வயரிங்...

"உதுக்குப் பின்னாலை என்ன அக்கா, பை மாதிரி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பரசூட். உந்த வேகத்துக்குப் பிரேக் மட்டும் காணாது பிள்ளை. அது விரிஞ்சாத்தான் கார் நிக்கும்."

"உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"எனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட வராது!"

எண்பத்தெட்டில் ஒரு காலை. டொக்டர் இன்னும் வரவில்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு இந்திய ஆமி வந்தது. சுற்றிவளைப்பு.

பின் அறை அலுமாரியைத் திறந்த ஆமிக்காரன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். உள்ளே அக்கா செய்துகொண்டிருந்த கார். அவன் கண்ணுக்கு அது கார் இல்லை, குண்டு. குழாய்கள், ஒரு குட்டிப் பெற்றோல் தாங்கி, நடுவிலிருந்து ஓடும் எட்டு வயர்...

அடுத்த நிமிடம் குகன் அண்ணை முற்றத்தில் முழங்காலில். கைகள் தலைக்குமேல். பிடரியில் துவக்கு. வீட்டில் அவருடைய குழந்தை பிறந்த முப்பத்தொரு நாள் துடக்குக்கூட இன்னும் கழியவில்லை.

"யார் செய்தது?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

குகன் அண்ணைக்குத் தெரியும் யார் என்று. நிலத்தைப் பார்த்தாரே தவிர வாய் திறக்கவில்லை.

"நான்தான்" என்று ராஜி அக்கா முன்னால் வந்தார்.

அதிகாரி அவருடைய சேலையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "இவனைக் காப்பாற்றப் பொய் சொல்லாதே."

"பொய் இல்லை. இது ஒரு கார். கழற்றிக் காட்டட்டுமா?"

"கழற்ற வேண்டாம். செய்து காட்டு."

ராஜி அக்கா தன் வேலை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்க நெருப்புக்குச்சியைத் தட்டியதும் இரண்டு துவக்குகள் அவர் பக்கம் திரும்பின. என் கையில் இருந்த நம்பர் துண்டுகள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஒரு சிறிய செப்புக் குழாயைச் சூடாக்கி, குறட்டால் வளைத்தார். வளைவு பிசகிவிட்டது... வெளியே குகன் அண்ணை இருமும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

இரண்டாவதைக் காருக்குப் பக்கத்தில் வைத்தார். எஞ்சினிலிருந்து வெளியே வளையும் புகைக்குழாய். காரில் இருந்ததைப்போல அச்சொட்டாக.

அதிகாரி காரின் பின்னால் இருந்த பையை விரலால் இழுத்தார். வெள்ளைத் துணியும் நூலும் பொலுபொலுவென்று வெளியே வந்தன. எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

அக்கா மட்டும் அதைக் கையில் எடுத்து, மடிப்பு மடிப்பாக மடித்து, நூலைச் சுற்றி, திரும்பப் பைக்குள் வைத்தார். அவ்வளவு சின்னப் பைக்குள்.

அதிகாரி நெடுநேரம் அவருடைய விரல்களையே பார்த்தார். பிறகு வெளியே பார்த்துத் தலையாட்டினார். குகன் அண்ணையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

காரை அதிகாரி கொண்டுபோனார்.

"அது இன்னும் முடியவில்லை" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். ஜீப் போய்விட்டது.

அடுத்த நாள் குகன் அண்ணையின் மனைவி பச்சைக் குழந்தையோடு வந்தார். நோயாளிகள் எல்லாம் இருக்கத்தக்கதாகவே கத்தினார்.

"உங்கடை விளையாட்டாலை என்ரை பிள்ளைக்குத் தேப்பன் இல்லாமல் போயிருக்கும்!"

"ஓம்" என்றார் ராஜி அக்கா. "நீர் சொல்லுறது சரி."

அன்று மகஸீன்களைச் சாக்கில் கட்டிவிட்டார். அந்த மாரிக்காலம் முழுக்க ஒரு காரும் செய்யவில்லை. குகன் அண்ணையோடு வேலைக் கதை மட்டும்தான்.

பிறகு ஒரு மத்தியானம்... குகன் அண்ணை ஒரு பால்மா டின்னை வெட்டி, தட்டி, மட்டமாக்கி, அக்காவின் மேசையில் வைத்தார்.

"அடுத்தது எப்ப?"

"உம்மடை மனிசி கண்டா என்னை வெட்டிப்போடுவா."

"அவதான் கழுவித் தந்தவ."

ராஜி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் துடைத்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தொண்ணூற்றைந்தில் இலங்கை ஆமி வருகுதென்று ஊரே வெளிக்கிட்டபோது, செய்த கார்கள் முழுவதையும் அலுமாரியில் வரிசையாக விட்டுவிட்டு வந்தார். பூட்டவில்லை. "பூட்டினா வெடி வைச்சு உடைப்பாங்கள். திறந்து கிடந்தா எடுத்துப் பாப்பாங்கள்" என்றார். பிறகு மழை, சனம், இருட்டு... நாவற்குழியில் அவரைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான்.

நாளை பின்னேரம் வவுனியாவில் எடுக்கிறார்களாம். எனக்கு இங்கிருந்து பிளேன் ரிக்கற் கிடைக்கவில்லை. குகன் அண்ணையும் மனைவியும் போகிறார்கள்.

போயிட்டு வாங்கோ அக்கா.