முளைகளுக்கு நடுவில் களிச்சட்டி

மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த மலைப்பெண்ணுக்கு, கள்ளக்குறிச்சி மறுவாழ்வு இல்லத்தில் அன்றாட வேலைகளைப் பழக்குவது என் உத்தியோகம். வெளிநாட்டுப் புத்தகத்தை நம்பி, ரொட்டியில் வெண்ணெய் தடவச் சொன்னேன்.

"இத்த எவன் துன்னுவான் சார்? களி கிண்டணும்."

கிண்டும்போது சட்டியை அணைத்துப் பிடிக்க அவள் கால்கள் ஒத்துழைக்காது. தரையில் மரமுளைகள் அடித்து, அவற்றுக்கு நடுவில் சட்டியை இறுக்கினோம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிக் கிடந்தன. பஸ் இல்லை. அவள் புருஷன் சங்கராபுரத்திலிருந்து நடந்தே வந்தான்.

"களி கிண்ட முடியாதவள வூட்ல வச்சிக்கினு இன்னா பண்றது?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொதித்த சட்டியை முளைகளுக்கு நடுவில் இறக்கிக் கிண்டும்போது அது ஆடியது. அவனும் நானும் பாய்ந்து கை நீட்டினோம்.

"ரெண்டு பேரும் கைய எடுங்க!" களித்துடுப்பை ஓங்கினாள். எடுத்தோம்.

அவன் தின்றான். "கட்டி கட்டியா கீதே."

"துன்னு. ரோடு தொறந்ததும் நான் வூட்டுக்குக் கெளம்புறேன். வரதுன்னா கூட வா."