ஒரே சிறை, இரண்டு சமையல்காரிகள்

எங்கள் தீவுகளின் தலைநகர் போர்ட் விலாவில் அப்போது எல்லாமே இரண்டு. தீவுகளைப் பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கூட்டாக ஆண்டதால் இரண்டு போலீஸ், இரண்டு வகைப் பள்ளிக்கூடம், இரண்டு சிறை. லெய்மாஸின் அப்பாவுக்குப் பெண்களும் இரண்டு. கடைசியில் எந்த வெள்ளைக்காரன் நிலைத்தாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்று மூத்தவள் லெய்மாஸை இங்கிலீஷ் பள்ளியிலும் இளையவள் லெய்சாவுவைப் பிரெஞ்சுப் பள்ளியிலும் சேர்த்தார். இருவருக்கும் படிப்பு ஏறவில்லை. லெய்மாஸ் பிரிட்டிஷ் சிறையில் சமையல்காரியானாள். லெய்சாவு பிரெஞ்சுச் சிறையில்.

லெய்மாஸுக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது அங்கேதான். தங்கையின் சிறையில் மாட்டிறைச்சிக் குழம்பும் ரொட்டியும் என்று ஊரெல்லாம் பேச்சு. லெய்மாஸ் கொடுத்தது சோறும் டின் மீனும். அடிக்கடி உள்ளே வந்துபோகும் கோழித் திருடன் கல்வாட் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வான்:

"அக்கா, அடுத்த தடவை பிரெஞ்சுப் போலீஸ்கிட்டதான் மாட்டணும். உன் தங்கச்சி கையால சாப்பிடலாம்."

"போடா, அங்கயாவது திருடி ஒழுங்கா மாட்டு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சு நெஞ்சை அறுக்கும். 'பிரெஞ்சுக்காரன் காசு கொட்டுறான், கறி வாங்குறா. நமக்குக் கொடுத்தா நாமளும் சமைக்க மாட்டோமா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

1980ஆம் ஆண்டு ஜூலையில் சுதந்திரம் வந்தது. இரண்டு கொடிகள் இறங்கி, நம்முடைய கொடி ஏறியது. தேர்தலில் வென்றிருந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலீஷ் படித்தவர்கள். கூட்டத்தில் நின்ற லெய்மாஸ் கொடியைப் பார்த்ததைவிடத் தங்கையின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். அது வாடவில்லை. லெய்சாவு எல்லோரையும் போலக் கத்திக் குதித்து ஆடிக்கொண்டிருந்தாள். அதுவும் லெய்மாஸுக்குப் பொறுக்கவில்லை.

சிறைகள் ஒன்றாயின. தலைமைச் சமையல்காரி லெய்மாஸ். தங்கையைச் சேப்பங்கிழங்கு சீவ உட்கார வைத்தாள். பிரெஞ்சுக்காரன் காசு போனதும் இறைச்சி நின்றுபோனது, எல்லோருக்கும் சோறு, டின் மீன், கிழங்கு, கீரை. லெய்மாஸ் உள்ளுக்குள் மகிழ்ந்தாள். 'இப்போ பார்க்கலாம் உன் கைவரிசையை.'

ஒருநாள் லெய்மாஸ் பல்வலி என்று லீவு போட்டாள். மறுநாள் வந்ததும் கல்வாட் கேட்டான்:

"நேத்து யாரு சமைச்சது? அதே மீனுதான், அதே அரிசிதான். தட்டை நக்காத குறை!"

லெய்மாஸின் முகம் செத்துப்போனது. இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு சமாதானமும் போயிற்று.

கைதிகளின் பேச்சைக் கேட்டு, வாரக் கடைசியில் சிறை மேலதிகாரி கலோரிப், சமைக்கச் சொல்லிப் பெரிய அண்டாவை லெய்சாவுவிடம் ஒப்படைத்தார். தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிவிட்டு அவள் விறகு எடுக்கப் போனாள். லெய்மாஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உப்பை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

கைதிகள் தட்டுகளை வீசினார்கள். கலோரிப் ஓடிவந்தார்.

"யாரு போட்டது இவ்வளவு உப்பு?"

"நான்தான் சார், கவனிக்காம போட்டுட்டேன்," என்றாள் லெய்சாவு. அரைநாள் கூலி பிடித்தார்கள்.

அண்டாவைக் கழுவும்போது லெய்மாஸுக்கு அடக்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்."

"தெரியும். ருசி பார்க்காம இறக்குவேனா?"

"பின்ன ஏன்டி சொல்லல?"

"சொன்னா உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. நீ இல்லாத அடுப்படியில நான் யார்கிட்ட முறைச்சுக்கிட்டு நிக்கிறது?" லெய்சாவு அண்டாவைக் கவிழ்த்தாள். "ஆனா இன்னொரு தடவை போட்டே, உன் தலையில கொட்டிடுவேன்."

லெய்மாஸ் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தங்கை இதிலும் தன்னை மிஞ்சிவிட்டாளே என்று புதிதாக ஒரு எரிச்சல்தான் வந்தது. மறுநாள் கலோரிப்பிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கூலியைத் தங்கைக்குத் திருப்பிக் கொடுத்து, லெய்மாஸைக் கிழங்கு சீவ உட்கார வைத்தார்.

சீவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். லெய்சாவு, லெய்மாஸைப் போலத் தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றவில்லை. மீனை வதக்கிய பிறகு, தீயைத் தணித்து ஊற்றினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் லெய்மாஸ்.

"அவ்வளவுதான். முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா கேக்கிறது?" என்று சிடுசிடுத்தாலும், முக்காலியை அடுப்புக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.