வெள்ளிக்கிழமைப் பந்தியில் புறஜாதியார்

1. வேதபாடம்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் துபாய் அல் கூஸில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் லேபர் கேம்ப்பில் நான் மெஸ் சூப்பர்வைசர். சாப்பாடுதான் என் தொழில். வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லை என்று பெயர், ஆனால் அன்றைக்கும் எனக்குச் சமையல் இருந்தது. சர்ச் காம்பவுண்டில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்தப் பந்திக்கு நான் பொறுப்பு. ஆராதனைக்கு முன்னால் கேம்ப் ஆட்களுக்கு வேதபாடம் எடுப்பதும் என் தலையில் விழுந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதைத் தவிர, அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

முருகேசன் எங்கள் கேம்ப்பில் ஸ்டீல் ஃபிக்சர், அதாவது கம்பி கட்டுகிறவர். அரியலூர்ப் பக்கத்துக்காரர். முதலில் சர்ச்சுக்குப் போகும் எங்கள் பஸ்ஸில் சும்மா கூட வந்தார். கேம்ப்பை விட்டு வெளியே போக அவருக்கு அது ஒன்றுதான் வழி. பிறகு யாரும் கூப்பிடாமலே முன்வரிசையில் வந்து உட்காரத் தொடங்கினார்.

அன்றைக்குப் பாடம், பேதுரு கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனது. பேதுரு யூதர். கொர்நேலியு ரோமப் படை அதிகாரி, யூதர் அல்லாதவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் போவதும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் யூதர்களுக்கு ஆகாத காரியம். பேதுரு போனார், அந்த வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார், சில நாள் தங்கவும் செய்தார். எருசலேமுக்குத் திரும்பியபோது அங்கே இருந்த விசுவாசிகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அந்த வீட்டாரோடு எப்படி உட்கார்ந்து சாப்பிட்டாய் என்றுதான் கேட்டார்கள்.

இதைச் சொல்லும்போது புறஜாதியார், புறஜாதியார் என்று பலமுறை சொல்லிவிட்டேன். எனக்கு அது சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வார்த்தை. முருகேசன் கையைத் தூக்கினார்.

"அண்ணே, புறஜாதின்னா யாருண்ணே? எங்களயா சொல்றீங்க?"

"ஏன் கேக்கீங்க?"

"ஊர்ல எங்க சனம் ஊருக்கு வெளியதாண்ணே குடியிருக்கு. சாமி தேரு எங்க தெருவுக்குள்ள வராது. இந்தப் புஸ்தகத்துலயும் நாங்க வெளியதானான்னு கேட்டேன்."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவசரமாக விளக்கினேன். "அப்படியில்ல தம்பி. அது பழைய தமிழ். ஜாதின்னா அங்க தேசம், ஜனம்னு அர்த்தம். யூதரா பொறக்காத எல்லாரும் புறஜாதி. நீங்களும்தான், நானும்தான். இந்த ரூம்ல ஒருத்தர்கூட யூதர் கெடையாது."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் பேதுருவின் பக்கம் நின்றுதான் படித்திருக்கிறேன். கதவைத் திறந்துவிடும் ஆளாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் காத்து நின்றது என் ஆட்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

முருகேசன் சிரித்தார். "அப்பச் சரிண்ணே. எல்லாரும் வெளியூர்தான்."

2. பெயர்

சில மாதம் கழித்து முருகேசன் தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றார். அவரைத் தங்கராஜ் அண்ணாச்சியிடம் கூட்டிப் போனேன். அண்ணாச்சி எங்கள் சபை மூப்பர். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், பர் துபாயில் குடும்பத்தோடு இருந்தார். நல்ல மனிதர். கேம்ப்பில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். வெள்ளிக்கிழமைப் பந்தியில் கேம்ப் ஆட்கள் நடுவில்தான் உட்காருவார்.

"ரொம்ப சந்தோசம்," என்றார் அண்ணாச்சி. "பேர மட்டும் மாத்திருவோம். மோசேன்னு வச்சிக்கிடலாம்."

முருகேசன் தரையைப் பார்த்தார். "லேபர் கார்டு, பாஸ்போர்ட்டு எல்லாத்துலயும் இதாங்கய்யா பேரு."

"அது அப்படியே இருக்கட்டும். சபைக்கு மட்டும்."

"அப்பா வச்ச பேருங்கய்யா. அவரு இப்ப இல்ல."

"சாமி பேரா இருக்கே தம்பி. ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாவ?"

முருகேசன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த இரண்டு வெள்ளியும் பஸ்ஸில் அவர் இல்லை. ரூமில் போய்ப் பார்த்தேன், துணி துவைத்துக்கொண்டிருந்தார். "வரேண்ணே, வரேன்," என்றார். வருகிறவர் குரல் அது இல்லை. மூன்றாவது வாரம் வந்தார், ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

3. பார்சல்

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஒரு மூத்த போதகர் வந்தார். இறையியல் கல்லூரியில் பாடம் எடுத்தவர். அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள் பலருக்கு வேண்டியவர். சபையே பரபரப்பாக இருந்தது. நான் மட்டன் பிரியாணி போட்டிருந்தேன்.

ஆராதனை முடியும் நேரம் அண்ணாச்சி சமையல் பக்கம் வந்தார். "தம்பி, இன்னைக்கி டேபிள் போட்டு ஃபேமிலிக்காரங்க மட்டும் ஐயாகூட இருக்கட்டும். கேம்ப் பசங்களுக்குப் பார்சல் போட்டுரு. பஸ்ஸுல போய் சாப்டுக்கிடட்டும்."

"பார்சல் டப்பா மாஃபி, அண்ணாச்சி," என்றேன். அரபியில் மாஃபி என்றால் இல்லை; டப்பா நிஜமாகவே இல்லை. இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"அப்ப ஃபாயில்ல சுத்திக் குடு. ஊர்லேந்து வந்தவரு முன்னால எல்லாரும் ஒண்ணா இருந்தா ஒரு மாதிரி இருக்கும்."

பின்னால் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி ரூபி அக்கா நிமிர்ந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவர், குரல் எப்போதுமே கொஞ்சம் தூரம் கேட்கும்.

"என்னங்க, போன வெள்ளிக்கெழம இந்தப் பிள்ளைகள்கூட இருந்துதான சாப்ட்டிய? இன்னைக்கி மட்டும் என்ன வந்துட்டு உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு ரூபி."

"எதுக்கு மெதுவா? இதத்தான பேதுரு அந்தியோகியால செஞ்சாரு? புறஜாதியார்கூட இருந்து சாப்ட்டாரு. எருசலேம்லேந்து யூத ஆளுவ வந்தவொடன எந்திச்சுப் போயிட்டாரு. பவுல் அப்போஸ்தலர் மூஞ்சிக்கு நேரா கேட்டாருல்லா?"

வாசலில் வரிசையாக நின்ற கேம்ப் ஆட்களுக்கு அது கேட்டது. அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த போதகருக்கும் கேட்டது. அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. அக்கா இரண்டு தட்டில் பிரியாணி வைத்து எடுத்துக்கொண்டு போய், தரையில் விரித்த பாயில் முருகேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

போதகர் செருப்பைக் கழற்றிவிட்டு அதே பாயில் கஷ்டப்பட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். "உங்க பேரு என்ன?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"முருகேசனுங்கய்யா."

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஞானஸ்நானத்துக்கு இருக்காரு ஐயா. மோசேன்னு மாத்திருவோம்."

"மோசேயா?" போதகர் நிமிர்ந்தார். "அது யூதர் பேருல்லா? புறஜாதியார யூதராக்க வேண்டாம்னுதான அன்னைக்கி சபைப் பெரியவங்க எருசலேம்ல கூடி முடிவு பண்ணாங்க? பவுல் ஜெயில்ல இருக்கும்போது உதவிக்கு வந்தாரே எப்பாப்பிரோதீத்து, அந்தப் பேருக்குள்ள ஒரு கிரேக்க அம்மன் பேரு இருக்கு. பவுல் அவர சகோதரன்னு கூப்பிட்டாரு. பேர மாத்தச் சொல்லல."

பிறகு தனக்கும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். "பிரியாணி ஆறுது," என்றார் போதகர்.

4. பிறகு

அந்த மாதமே முருகேசன் தன் பெயரை மாற்றாமலே ஞானஸ்நானம் எடுத்தார். தினமும் முருகன் படத்துக்கு விபூதி வைக்கிற அவருடைய ரூம்மேட் செல்வமும் பார்க்க வந்திருந்தார். "பேர மாத்தாதது நல்லதாப் போச்சுண்ணே," என்றார் என்னிடம். "இல்லாட்டி ரூம்ல என்னன்னு கூப்புடுறது?"

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பங்கள் எங்கள் சபையை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டன. அண்ணாச்சி சில வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவோடு வீட்டில் எப்படி இருந்தாரோ தெரியாது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு பாய்க்கு வந்தார். முருகேசனிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளி இரு," என்றார். முருகேசன் தள்ளி உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணாச்சி ஊறுகாய் கேட்டார், முருகேசன் எடுத்துக் கொடுத்தார்.

என் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உப்பும் காரமும் பழகப் பழக வந்துவிடும். யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஆதிச்சபை உடைந்துபோகப் பார்த்ததும் ஒரு சாப்பாட்டு இடத்தில்தான். அன்றைக்கு அங்கே புறஜாதியாருக்குக் கதவைச் சாத்தியிருந்தால், நாலு தலைமுறைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் உள்ளே வந்திருக்கவே முடியாது.